சிங்கப்பூர் – நியூயார்க்: 15,350 கி.மீ. தூரத்துக்கு 17 மணி நேரம்தானே கணக்கு வருகிறது? டிக்கெட்டில் ஏன் 18 மணிக்கு மேல் போடுகிறார்கள்?

உங்கள் வகுத்தல் சரி, மணிக்கு 900 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தான். ஆனால் அந்த மிகக் குறுகிய பாதையில் விமானம் பெரும்பாலும் போவதில்லை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தீர்க்கரேகையில் சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. அதாவது தீர்க்கரேகைக் கணக்கில் துருவத்தின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்புறம். அதனால் குறுக்குவழி வட துருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. பக்கத்தில் போகிறது. அட்சரேகைகள் 1.4, 40.6, இரண்டையும் 180-லிருந்து கழித்தால் 138 டிகிரி. டிகிரிக்கு 111 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள், 15,300-ஐத் தாண்டும். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது பிடிபடாது.

நேரத்தைத் தீர்மானிப்பது காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். பசிபிக் வழியாகச் சுற்றி 16,500 கி.மீ. பறந்தாலும், சராசரியாக 50 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 17 மணி 22 நிமிடம். குறுக்குவழியில் அதே 50 கி.மீ. எதிர்த்து அடித்தால் 18 மணி 3 நிமிடம். சுற்றிப் போனால்தான் லாபம்! திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதுண்டு. அப்படியானால் போய்வந்ததில் உலகையே ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது.

டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து கேட் வரைக்குமான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் நிற்பது, மேலேறுவது, கொஞ்சம் கைக்காவல் நேரம் எல்லாம் சேர்ந்து 18½ மணிக்கு மேல் போகிறது.

அதிகம் பேர் சறுக்குவது தேதியில்தான். நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியது. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. ஜூலையில் பகல் 12-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், அன்றைக்கே மாலை 6.40-க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது திங்கள் இரவு 10-க்கு ஏறினால் சிங்கப்பூரில் புதன் விடிகாலை 4.40. செவ்வாய்க்கிழமைக்கு அங்கே ஹோட்டலோ மீட்டிங்கோ போட்டுவிடாதீர்கள்.

நேரடி சேவைக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வைத்திருக்கும் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் விமானம்) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி கிடையாது. அதுதான் வேண்டுமென்றால் பிராங்பர்ட்டில் நின்று போகும் அதே நிறுவன விமானத்தைப் பாருங்கள், ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும்.