கேள்வி – பதில்: ஜிபிஏ குறைந்துவிட்டது, யூசி கிடைக்குமா?

கேள்வி: என் மகன் 11-ம் வகுப்பு முடிக்கப்போகிறான். பள்ளி அறிக்கையில் ஜிபிஏ (ஏ-க்கு 4 என்று போடும் கிரேடு சராசரி) 2.8. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ் வளாகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வாய்ப்பு இருக்கிறதா?
– ஃப்ரீமான்ட் வாசகி

பதில்: முதலில் அந்த 2.8 எப்படி வந்தது என்று பாருங்கள். பள்ளி தரும் ஜிபிஏவில் 9-ம் வகுப்பும் சேர்ந்திருக்கும், உடற்பயிற்சி வகுப்பும் சேர்ந்திருக்கும். யூசி கணக்கு வேறு. 9-ம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11-ம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்களை (சேர்க்கைக்கு யூசி கேட்கும் பள்ளிப் பாடங்கள்) மட்டுமே அது கூட்டும். 9-ல் சறுக்கிப் பிறகு எழுந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கில் எண் தானாகவே ஏறும்.

ஏபி (கல்லூரித் தரப் பள்ளிப் பாடங்கள்) மற்றும் யூசி அங்கீகரித்த ஆனர்ஸ் (உயர்நிலை) பாடங்களில் சி-யோ அதற்கு மேலோ வாங்கினால், செமஸ்டருக்கு ஒரு புள்ளி கூடுதல். இதற்கு உச்சவரம்பு எட்டு செமஸ்டர். ஐந்து ஏ-ஜி பாடங்கள், நான்கு செமஸ்டர், மொத்தம் 20 கிரேடு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.8 என்றால் 56 புள்ளிகள். 11-ம் வகுப்பில் இரண்டு ஏபி பாடங்களை முழு வருடம் படித்திருந்தால் நான்கு புள்ளிகள் சேர்ந்து 60 ஆகும். 20-ஆல் வகுத்தால் 3.0. கலிஃபோர்னியா மாணவருக்கு யூசி கேட்கும் குறைந்தபட்சம் அதுதான்.

ஏ-ஜி பாடத்தில் டி அல்லது எஃப் இருந்தால் கோடையிலேயே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். புதிய கிரேடு பழையதன் இடத்தில் உட்காரும். சி-யைத் திரும்ப எடுத்து உயர்த்த யூசி அனுமதிப்பதில்லை. எஸ்ஏடி நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணால் ஈடுகட்டலாம் என்று பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். சேர்க்கை முடிவில் யூசி அதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் 3.0 என்பது வரிசையில் நிற்கும் தகுதி மட்டுமே. டேவிஸில் நேரடியாக இடம் பெறுவோரில் பெரும்பாலோரின் ஜிபிஏ நான்கை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். விண்ணப்பம் போடுங்கள், மெர்சிட், ரிவர்சைடு வளாகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேவிஸேதான் என்றால் அடுத்த கேள்விக்கான பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறினால் பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? எங்கே சறுக்குகிறார்கள்?
– சான் ஹோசே வாசகர்

பதில்: உண்மைதான். மூன்றாம் ஆண்டில் சேரும் மாணவரிடம் யூசி பார்ப்பது கல்லூரி கிரேடுகளைத்தான். உள்மாநில மாணவருக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். முடிவில் கையில் வருவது யூசி பட்டம். உறவினர் கூட்டத்தில் "எந்தக் காலேஜ்?" என்ற கேள்விக்கு இரண்டு வருடம் நெளிய வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் "டேக்" என்ற இட உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. உத்தரவாதம் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். செப்டம்பர் 1 முதல் 30-க்குள் அனுப்ப வேண்டும். வேண்டிய ஜிபிஏ வளாகத்துக்கும் பாடப்பிரிவுக்கும் ஏற்ப மாறும். கணினி அறிவியல், பொறியியல் பல இடங்களில் இந்த உத்தரவாதத்தில் வராது.

பெரும்பாலோர் சறுக்குவது காலக்கணக்கில். பெயருக்குத்தான் இரண்டு வருடம். இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் செப்டம்பரில் டேக் படிவம் போகிறது, அக்டோபர்–நவம்பரில் யூசி விண்ணப்பம் போகிறது. அப்போது கையில் இருப்பது முதல் வருடத்தின் இரண்டு செமஸ்டரும் ஒரு கோடையும் மட்டுமே. டேவிஸ் டேக்கிற்கு அதற்குள் 30 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். "முதல் செமஸ்டர் பழகட்டும், அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் இங்கே செல்லாது.

பொறியியல், இயற்பியல் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் இறுக்கம். கால்குலஸ் சார்ந்த இயற்பியல் மூன்று பாடத் தொடர். முதல் பாடத்துக்கே பொதுவாகக் கால்குலஸ் 1 கேட்பார்கள். முதல் இலையுதிர் செமஸ்டரில் கால்குலஸ் 1 எடுத்தால்தான் வசந்தத்தில் இயற்பியல் தொடங்கி, இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் மூன்றாவது பாடம் முடியும். முதல் செமஸ்டரைத் தவறவிட்டால், கோடையில் ஈடுகட்டாதவரை மூன்றாவது பாடம் கணக்குக்கு வெளியே போய்விடும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை "அசிஸ்ட்" இணையதளத்தில் பார்க்கலாம். சேரும் முன்பே அந்தப் பக்கத்தை அச்சிட்டுப் பாடவரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான அடிப்படை ஏழு பாடங்கள்: ஆங்கில எழுத்துப் பயிற்சி இரண்டு, கணிதம் ஒன்று, மற்ற துறைகளில் நான்கு. யூசியில் சேரும் இலையுதிருக்கு முந்தைய வசந்தத்துக்குள் இவை முடிய வேண்டும். கடைசிக் கோடைக்கு ஒன்றைத் தள்ளி வைத்து இடத்தை இழப்பவர்கள் உண்டு.

இன்னும் மூன்று இடறல்கள். டேக் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது ஒன்று. அதே பாடப்பிரிவுக்கு யூசி விண்ணப்பமும் தனியாகப் போட்டாக வேண்டும். ஜனவரியில் கேட்கும் கல்வி விவரப் புதுப்பிப்பை அனுப்பாமல் விடுவது இரண்டாவது. மூன்றாவது, தத்தளிக்கும் பாடத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு சி-யில் கரை சேர்வது. சி வாங்கிய பாடத்தை உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்க முடியாது. செமஸ்டர் தொடக்கக் கெடுவுக்குள் விலகினால் பதிவே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் டபிள்யூ (விலகியதற்கான குறி) விழும், ஜிபிஏவில் சேராது. ஓரிரண்டு டபிள்யூ ஆபத்தில்லை; வரிசையாக இருந்தால் கேள்வி எழும்.

பள்ளியில் படிக்கும்போதே எடுக்கும் கல்லூரிப் பாடங்களும் இந்தக் கல்லூரிப் பதிவில்தான் ஏறும். 16 வயதில் விளையாட்டாக வாங்கிய டி, பின்னாளில் இடமாற்ற ஜிபிஏவில் வந்து நிற்கும்.

கேள்வி: என் மகள் வகுப்பில் முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கிறாள். யூடி (டெக்சஸ் பல்கலைக்கழகம்) ஆஸ்டின் கனவை விட்டுவிடலாமா?
– டாலஸ் வாசகர்

பதில்: தானாகக் கிடைக்கும் இடம் இல்லை. டெக்சஸின் 1997 சட்டப்படி முதல் 10 சதவீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. யூடி ஆஸ்டின் மட்டும் 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து அதை 5 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. மற்றவர்களின் விண்ணப்பத்தை முழுமையாகப் படித்து முடிவு செய்கிறார்கள். இங்கே எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத்தேர்வு கட்டாயம். யூசி போல அல்ல, நல்ல மதிப்பெண் கைகொடுக்கும்.

இடம் மறுக்கப்படும் டெக்சஸ் மாணவர்களுக்குக் "கேப்" என்ற வழியைப் பல்கலைக்கழகமே முன்வைக்கும். தனியாக விண்ணப்பிக்க முடியாது. யூடி குடும்பத்தின் வேறொரு வளாகத்தில் முதல் வருடம் 30 கிரெடிட், 3.2 ஜிபிஏ என்று முடித்தால் ஆஸ்டினுக்கு மாறலாம். உத்தரவாதம் லிபரல் ஆர்ட்ஸ் (மொழி, வரலாறு போன்ற கலைப் பாடங்கள்) பிரிவுக்கு மட்டும். கணினியோ வணிகமோதான் வேண்டும் என்றால் இந்த வழியை நம்பிப் போகாதீர்கள். அந்தப் பாடத்தை நேரடியாகத் தரும் டெக்சஸின் வேறு அரசுப் பல்கலைக்கழகம் மேல்.

கேள்வி: மதிப்பெண் ஏன் குறைந்தது என்று யூசி கட்டுரையில் எழுதலாமா?
– சாக்ரமென்டோ மாணவி

பதில்: கட்டுரையில் வேண்டாம். எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொற்களுக்குள் பதில் எழுதுகிறீர்கள். அந்த இடம் உங்களைப் பற்றிச் சொல்ல. மதிப்பெண் விளக்கத்துக்குக் கூடுதல் குறிப்புப் பெட்டி இருக்கிறது. நான்கைந்து வரி போதும்: எந்த செமஸ்டர், என்ன நடந்தது, எப்போது சரியானது, அதற்குப் பிறகு வந்த கிரேடு என்ன. ஆசிரியர் சரியில்லை என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். கிரேடு ஏறவே இல்லை என்றால் அந்தப் பெட்டியைக் காலியாக விடுவதே நல்லது.