நான்கில் ஒருவர் ஏழை என்கிற ஊருக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் சார். மகளுக்கு மாஸ்டர்ஸ் படிக்க இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம், இன்னொன்று கலிஃபோர்னியாவில் சான் ஹோசே ஸ்டேட். நீங்களே உட்கார்ந்து அமெரிக்க சென்சஸ் தளத்தில் இரண்டு ஊருக்குமான கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் நகரம் வரும் பிரேசோஸ் கவுண்டியில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமையில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. சான் ஹோசே இருக்கும் சான்ட்டா கிளாரா கவுண்டியில் அது 7 சதவீதத்தை ஒட்டி, வருமானமோ வீட்டுக்கு வருடம் 1,50,000 டாலருக்கு மேல். "ஏழை ஊரில் படித்தால் என்ன வேலை கிடைக்கும், பொண்ணுக்குப் பாதுகாப்பாவது இருக்குமா" என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை வேறு வேறு ஊர்ப் பெயரோடு நிறையப் பெற்றோர் கேட்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், உங்கள் பெயர், ஊர் எதுவும் போடாமல்.

நீங்கள் எடுத்த எண்கள் சரியானவைதான் சார். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தலைகீழ். அந்த நான்கில் ஒருவர் யார் என்று தெரிந்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

பிரேசோஸ் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 2,33,849. அந்த ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் 70,000-க்கும் அதிகம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க சென்சஸ், ஒருவர் ஏழையா என்று பார்க்கும்போது கல்லூரி ஹாஸ்டலில் இருப்பவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் கேம்பஸுக்கு வெளியே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும் மாணவர்களைச் சேர்க்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் இதில் வருவார்கள். உங்கள் மகளையே எடுத்துக்கொள்வோம். மூன்று தோழிகளோடு கேம்பஸுக்கு வெளியே ஒரு அபார்ட்மென்டில் தங்குகிறாள், கேம்பஸ் லைப்ரரியில் மணிக்கு 12 டாலருக்கு வாரம் 20 மணி நேரம் வேலை, வருடத்தில் 30 வாரம் என்று வையுங்கள். கையில் வருவது 7,200 டாலர். தனி ஆளுக்கான வறுமைக் கோடு வருடத்துக்கு 15,000 டாலருக்கு மேல். நீங்கள் வீட்டை அடமானம் வைத்து வாங்கித் தரும் கல்விக் கடன் வருமானமாகக் கணக்கில் வராது, அது கடன். கூட இருக்கும் தோழிகள் சொந்தக்காரர்கள் இல்லை என்பதால் நான்கு பேரையும் தனித்தனி ஆளாகத்தான் பார்ப்பார்கள். ஆக, நாளைக்கே சென்சஸ் ஆள் வந்து கதவைத் தட்டினால் அந்த வீட்டில் நான்கு ஏழைகள். நீங்கள் யாரைப் பார்த்துப் பயந்தீர்களோ அந்தக் கூட்டத்தில் உங்கள் மகளும் ஒருத்தியாக இருப்பாள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. சென்சஸ் துறையே 2013-ல் இதைத் தனியாக ஆராய்ந்து, பெரிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்களில் வெளியில் தங்கும் மாணவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் வறுமை விகிதம் நன்றாக இறங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் எந்த ஊரில் அதிக விகிதம் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா என்றால், அதுவும் கூடாது. மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1950-ல் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இருந்தார்கள், 2020-ல் 19,111 பேர். சுரங்க வேலை போனது, இளைஞர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள், 2016-ல் வால்மார்ட் கடையும் மூடிவிட்டது. அங்கேயும் வறுமை விகிதம் அதிகம்தான், ஆனால் அது வேறு வறுமை, மாணவர் வறுமை இல்லை. ஒரே சதவீதத்துக்குள் இப்படி இரண்டு வேறு வாழ்க்கை ஒளிந்திருக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பத்து நிமிட வேலை. சென்சஸ் தளத்தில் எஸ்1701 என்ற அட்டவணையைத் தேடி, கவுண்டி பெயரைக் கொடுங்கள். வறுமையை வயதுவாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 18 முதல் 34 வயதில் மட்டும் எண் எகிறி நின்று, 35 முதல் 64 வரையிலும் 65-க்கு மேலும் சாதாரணமாக இருந்தால் அது படிக்கிற பிள்ளைகளின் கணக்கு. குழந்தைகள், நடுத்தர வயதுக்காரர்கள், முதியவர்கள் என்று எல்லா வரிசையிலும் அதிகமாக இருந்தால் அது மாணவர் வறுமை இல்லை, ஊரின் வறுமை என்று அர்த்தம். பிரேசோஸில் உண்மையான ஏழைகளே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்து நகரமான பிரையனில் குறைந்த கூலிக்கு உழைக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்கள் கஷ்டம் கஷ்டம்தான். ஆனால் உங்கள் மகளின் சீட்டை வேண்டாம் என்று சொல்வதற்கு அது காரணம் ஆகாது.

வேலையின்மை விகிதத்தையும் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் குழம்பியிருப்பீர்கள், ஏனென்றால் அந்த கவுண்டியில் அது பெரும்பாலும் டெக்சாஸ் சராசரிக்கும் கீழேதான் இருக்கும். நான்கில் ஒருவர் ஏழை, ஆனால் வேலையில்லாதவர்கள் கொஞ்சம் பேர், எப்படி? அமெரிக்கக் கணக்கில் வேலையில்லாதவர் என்றால் கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை தேடவில்லை என்றால் அந்தக் கணக்கிலேயே இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் வேலையில் இருப்பவர்தான். அதனால் கல்லூரி ஊர்களில் இந்த எண்ணை வைத்து நல்லது கெட்டது எதுவும் முடிவு பண்ணாதீர்கள்.

சரி, இப்போது சான்ட்டா கிளாரா. அந்த 1,50,000 டாலர் உங்களை ரொம்பவே இழுத்திருக்கிறது என்று புரிகிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பீர்கள், யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். அது ஒரு ஆளின் சம்பளம் இல்லை சார், ஒரு வீட்டின் வருமானம். கணவனும் மனைவியும் சம்பாதித்தால் இரண்டும் சேர்ந்தது. வறுமைக் கணக்கில் தனித்தனியாகப் பார்த்த அதே சென்சஸ், வீட்டு வருமானக் கணக்கில் சொந்தக்காரர் இல்லாதவர்களையும் சேர்த்துக் கூட்டும், அதாவது மூன்று இன்ஜினியர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் மூன்று சம்பளமும் ஒரே வீட்டுக் கணக்கு. அப்புறம், அந்த வருமானம் பத்து இருபது வருடம் ஆப்பிளிலும் கூகுளிலும் என்விடியாவிலும் இருந்தவர்களையும் சேர்த்தது. நேற்று பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அதில் என்ன பங்கு என்று அந்த எண் சொல்லாது.

செலவுப் பக்கம்தான் எனக்குக் கவலை. வறுமைக் கோடு என்பது 1960-களின் தொடக்கத்தில் மாலி ஆர்ஷான்ஸ்கி என்ற அரசு ஆய்வாளர் உணவுச் செலவை மூன்றால் பெருக்கி உருவாக்கியது. விலைவாசிக்கு ஏற்ப ஏற்றுகிறார்களே தவிர, ஊருக்கு ஊர் வாடகை மாறுவதை அது கண்டுகொள்வதில்லை. மெக்டவலுக்கும் சான் ஹோசேக்கும் ஒரே கோடு. சான்ட்டா கிளாராவில் 7 சதவீதம்தான் ஏழைகள் என்றால், கோட்டுக்கு மேலே இருந்துகொண்டு வாடகை கட்ட மூச்சு வாங்குகிறவர்கள் அந்த 7-க்குள் வரவே இல்லை. 2018-ல் அதை ஒட்டிய சான் மட்டேயோ கவுண்டியில் நான்கு பேர் குடும்பத்துக்கு 1,17,400 டாலர் வந்தாலும் அது குறைந்த வருமானம்தான் என்று அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையே வரையறுத்தது. அரசு வீட்டு உதவிக்கான வரம்பு அது. சான் ஹோசேயில் ஒரு படுக்கையறை வீடு மாதம் 2,500 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். காலேஜ் ஸ்டேஷனில் நான்கு பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 1,000 டாலருக்கு வெகு கீழே முடிந்துவிடும். கேம்பஸ் வேலைக்கு சான் ஹோசேயில் மணிக்கு 17 டாலருக்கு மேல் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாடகை இடைவெளியை அது நிரப்பாது.

இதைவிட முக்கியமான இடம் படிப்பு முடிந்த பிறகு வருகிறது, இங்கேதான் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பட்டம் வாங்கியதும் ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதி, அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்றால் மேலும் 24 மாதம். முதல் 12 மாதத்தில் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா சிக்கல். அந்த 90 நாளைத் தாண்ட கையில் காசு வேண்டும். கடன் தவணை ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம் என்று நெருக்கும்போது பிள்ளைகள் கிடைத்த ஏதோ ஒரு கன்சல்டன்சியில் போய்ச் சிக்குகிறார்கள், போலி அனுபவம் போட்டு ரெஸ்யூமே தயாரிக்கச் சொல்லும் ஆட்களிடம் கூட. வாடகை குறைந்த ஊரில் இருக்கும் பிள்ளை அந்த மூன்று மாதம் நிதானமாகத் தேடலாம். அவ்வளவு பெரிய வித்தியாசம் இது, இதற்காகவே நான் செலவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"அப்படியானால் அந்தச் சின்ன ஊரில் வேலை எங்கே" என்று கேட்பீர்கள். அந்த ஊரில் யார் தேடச் சொன்னது? கவுண்டி வருமானக் கணக்கு அங்கே குடியிருப்பவர்களைப் பற்றியது, அங்கே படித்துவிட்டுப் போனவர்களைப் பற்றியது இல்லை. ஏ அண்ட் எம் பட்டதாரிகள் ஹூஸ்டன், ஆஸ்டின், டாலஸ் என்று போகிறார்கள், கலிஃபோர்னியாவுக்கும் போகிறார்கள். கேம்பஸிலேயே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டிய எண் கவுண்டியுடையது இல்லை, அந்தத் துறையுடையது: போன வருடம் மாஸ்டர்ஸ் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, எந்தக் கம்பெனி, சராசரிச் சம்பளம் என்ன, அதில் எஃப்-1 விசாக்காரர்கள் எத்தனை பேர். மகளை நேரடியாகத் துறைக்கு மெயில் போடச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே ஒரு தகவல்.

சான் ஹோசே ஸ்டேட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கம்பெனிகள் பக்கத்திலேயே இருப்பதால் செமஸ்டரின் நடுவிலேயே இன்டர்வியூவுக்குப் போய்வரலாம், வேலையில் இருப்பவர்களே மாலையில் வந்து பாடம் எடுப்பதும் உண்டு. அங்கே தங்க உறவுக்காரர் வீடு இருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கடனும் வீட்டுப் பத்திரத்தின் மேல். அந்த நிலையில் நான் ஏ அண்ட் எம் பக்கம்தான் நிற்பேன்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டது நியாயம், ஆனால் வறுமை சதவீதத்தை வைத்து அதை அளக்காதீர்கள். 1990-ல் வந்த கிளெரி சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கேம்பஸில் நடந்த குற்றங்களின் கணக்கை வருடா வருடம் வெளியிட வேண்டும். இரண்டு பல்கலைக்கழகத்தின் அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள், அவள் தங்கப் போகும் தெருவைப் பற்றி அங்கிருக்கும் தமிழ் மாணவர்களிடம் கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிவிங் வேஜ் கால்குலேட்டர் தளத்தில் இரண்டு கவுண்டியையும் போட்டு, தனி ஆள் வாழ எவ்வளவு ஆகும் என்று எடுத்து, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எழுதியிருக்கும் செலவோடு ஒப்பிடுங்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை கிடைக்கும் வெளிநாட்டு மாணவருக்கு உள்ளூர் மாணவர் கட்டணம் வசூலிக்க விதியில் இடம் உண்டு. எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது, அதனால் துறையிடம் கேட்டே ஆக வேண்டும், கூடவே உதவி ஆசிரியர் (டீச்சிங் அசிஸ்டன்ட்) வேலை பற்றியும். பல பல்கலைக்கழகங்களில் உதவித்தொகையோடு வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருகிறார்கள். அதற்குள் துறையிடமிருந்து பதில் வராவிட்டால் சான் ஹோசேக்கு முன்பணம் கட்டிவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இரண்டு பக்கக் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.