மாயா நாகரிகத் தொல்லியல் படிக்கப்போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா. "அழிந்துபோன ஜனங்களைப் பற்றிப் படித்து இவள் எப்படிப் பிழைப்பாள்?" என்று கேட்டிருந்தீர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் வாழும் மாயா மக்கள் அழியவில்லை. மெக்சிகோவில் மட்டும் இன்றும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் யுகாத்தெக் மாயா மொழி பேசுகிறார்கள். கி.பி. 900 வாக்கில் தெற்கு நகரங்கள் காடானதும் கதை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பிடித்திருப்பது அதற்குப் பிந்தைய, ஸ்பானியர் வரும்வரையிலான காலம். நல்ல தேர்வு.

அந்தக் காலத்தின் பெரிய நகரம், மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் இருந்த மாயாபான். சுமார் 9 கி.மீ. மதில், அதற்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள். 1450 வாக்கில் வறட்சியும் குலச்சண்டையும் சேர்ந்து அதைச் சாய்த்தன. அங்கே விரல் நீளத்தில் கறுப்பாக, கண்ணாடி போன்ற கத்திகள் கிடைக்கின்றன. யுகாத்தான் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்தக் கத்திகளைச் செய்த எரிமலைக் கண்ணாடி அங்கே கிடையாது. அந்தத் துண்டை எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தால், எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவை சுமார் 700 கி.மீ. தெற்கே, குவாத்தமாலாவின் இஷ்டெபெக்கே எரிமலையிலிருந்து வந்தவை. ஒரு கத்தியை வைத்து ஒரு வணிகப் பாதையையே படித்துவிடலாம்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலையின் நிஜ முகம் இதுதான். குழி தோண்டுவது சில வாரம். கழுவுவது, எண் போடுவது, அளப்பது, கணினியில் ஏற்றுவது பல மாதம். அந்தப் பொறுமை அவளுக்கு உண்டா என்று கவனியுங்கள்.

வேலை விஷயத்தில் மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. அதனால் கையில் ஒரு திறன் அவசியம்: ஜிஐஎஸ் (கணினியில் இடத் தகவல்களைச் சேர்த்து வரையும்) வரைபடம், லைடார் (வானிலிருந்து லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும்) தரவு, எலும்பு ஆய்வு, இவற்றில் ஏதாவது ஒன்று. முதுகலைக்குப் புனே டெக்கான் கல்லூரி இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் தருகிறார்கள். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். மெக்சிகோவிலேயே, மெரிடாவின் யுகாத்தான் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் சொல்லித்தருகிறார்கள். பாடம் ஸ்பானிஷில்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? இந்த மாதமே ஸ்பானிஷ் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். களப்பணி அனுமதி, அறிக்கை, கூட வேலை செய்யும் ஊர்க்காரர்களோடு பேச்சு, எல்லாமே அந்த மொழியில். ஆறு மாதம் விடாமல் படித்தாள் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்புறம் எந்தப் பல்கலைக்கழகம் என்று உட்கார்ந்து பார்க்கலாம்.