'கலவரம் வரும்' என்றால் நாடகத்தை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: சாதி மறுப்புத் திருமணம் பற்றி எங்கள் ஊரில் வீதி நாடகம் போட இருக்கிறோம். "நடத்தினால் ரத்தக்களரிதான்" என்று ஒரு தரப்பு மிரட்டுகிறது. இன்ஸ்பெக்டர் ஸ்கிரிப்ட் கேட்கிறார். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: கூட்டத்துக்குப் போங்கள். போகாவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஃபைலில் ஏறிவிடும். ஆனால் நீட்டுகிற தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று நகல் வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, எழுத்தாளர் பெருமாள்முருகனை உட்காரவைத்ததும் இப்படியொரு 'அமைதி'க் கூட்டத்தில்தான். மன்னிப்பு உட்பட எல்லாம் எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். இடையில் ஒன்றரை ஆண்டு போய்விட்டது.

ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை, ஸ்கிரிப்ட் கேட்கப் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்த 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் அடிபட்டுப்போயின. கதைச் சுருக்கம் கொடுப்பதில் தப்பில்லை. மேலே 'தகவலுக்காக' என்று எழுதுங்கள். 'ஒப்புதலுக்காக' என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: மிரட்டுவது யார்? அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு பொது ஒழுங்குக்காகப் பேச்சைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. ஆனால் இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போராட்டம், வன்முறை என்று மிரட்டுவதற்காகக் கருத்தை அடக்க முடியாது, ஆபத்து யூகமாக இருந்தால் போதாது, பேச்சோடு நேரடித் தொடர்புடையதாக, வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த பொறிபோல இருக்க வேண்டும். மிரட்டுபவர்களை அடக்குவதுதான் இன்ஸ்பெக்டரின் வேலை. அதைவிட உங்களை அடக்குவது சுலபம் என்பதால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் வசனத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. "இது சாதிவெறிக் கொலை" என்பது கருத்து. "மேலத்தெருக்காரனுங்களை வெட்டணும்" என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 196ஆம் பிரிவு: மூன்றாண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். அதே வசனத்தை வில்லன் பாத்திரம் பேசினால்? கதைக்குள் பேசும்வரை பிரச்சினை இல்லை. நடிகர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, நிஜத் தெருவைக் கைகாட்டிப் பேசினால் அது நடிப்பு என்று வாதாட நான் தயங்குவேன். நிஜ ஊர், நிஜ ஆள் பெயர்களை எடுத்துவிடுங்கள். வசனத்தால் யாரோ புண்பட்டார்கள் என்பது மட்டும் குற்றமாகாது. தொட்டாற்சிணுங்கிகளை வைத்துப் பேச்சை அளக்கக் கூடாது, திடமனம் உள்ளவர்களை வைத்தே அளக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லியிருக்கிறது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 163ஆம் பிரிவின் கீழ் (பழைய 144) தடை உத்தரவு வந்தால் மீறாதீர்கள். மீறினால் தனி வழக்கு. அனுமதி மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு நடவடிக்கையை எதிர்க்கும் மனு) போடுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்து வழக்கு நடத்துவது சிரமம். இடம், நேரம், மைக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கலாம். திருவிழா அன்று கோயில் வாசலில்தான் போடுவோம் என்று அடம்பிடித்தால் நீதிமன்றமும் முகம் சுளிக்கும்.

நாடகம் நடக்கும்போது ஒருவர் முழுவதையும் வெட்டாமல் வீடியோ எடுக்கட்டும். எஃப்.ஐ.ஆரில் நீங்கள் பேசாத வசனம் ஏறினால் அதுதான் கைகொடுக்கும். அசல் பதிவு உள்ள அந்த போனை விற்றுவிடாதீர்கள்.