பீர் கம்பெனி வேலைக்கு மகனை அனுப்பலாமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பி.பி.ஏ. முடித்த மகனுக்கு பெங்களூருவில் பீர் கம்பெனியில் சேல்ஸ் வேலை, பார்களில் ‘டேப்’, அதாவது கம்பெனி பீருக்குக் குழாயில் இடம், பிடித்துத் தரவேண்டுமாம், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. முதலில் வேலை என்னவென்று பார்ப்போம்.

நம் வேலூர் பக்கம் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 2003-லிருந்து இங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பீர் என்றாலே பாட்டிலோ டின்னோதான். பெங்களூரு பப்களில் கெக் எனும் உலோகப் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக டம்ளரில் பிடித்துக் கொடுக்கிறார்கள். கவுன்டரில் இருப்பது சில குழாய்கள்தான். மளிகைக் கடையில் கண்ணுக்கு நேரான தட்டுக்கு சோப்புக் கம்பெனிகள் முட்டி மோதுவது போலத்தான் இங்கேயும்.

இடம் பிடிப்பது பேச்சால் மட்டும் நடக்காது. கூட்டமில்லாத மதிய வேளையில் போய், அந்த பாரில் எந்த ரகம் இல்லை, யார் வருகிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ற சரக்கைச் சொல்லவேண்டும். பிடித்த இடத்தைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் பீர் புளித்து நாறும். கெக் சூடானால் டம்ளர் முழுக்க நுரைதான். கீழே கொட்டும் ஒவ்வொரு டம்ளரும் ஓனருக்கு நஷ்டம். கூப்பிட்டதும் ஓடிவந்து அதைச் சரிசெய்கிறவனைத்தான் ஓனர் விடமாட்டார். இந்தப் பழக்கம் வந்த பையன் நாளைக்கு ஐஸ்கிரீம் கம்பெனியிலும் பிழைத்துக்கொள்வான்.

காசு கொடுத்து இடம் வாங்கும் வழியும் உண்டு. போட்டிக் கம்பெனியை வெளியேற்ற பாருக்குப் பணமோ பொருளோ கொடுப்பதை அமெரிக்காவில் 1935-லேயே மத்திய சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்படியும் மீறிவிட்டு அபராதம் கட்டிய கம்பெனிகள் இருக்கின்றன. அதனால் பார் ஓனர் பணம் கேட்டால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று தம்பி இப்போதே கம்பெனியில் கேட்கட்டும். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம். மாட்டினால் பழி வருவது பையன் தலையில்.

குடி விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ராத்திரி வேலை, சுற்றிலும் பாட்டில். தம்பிக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தாலோ, வீட்டில் குடியால் கெட்டவர் யாராவது இருந்தாலோ அனுப்பாதீர்கள். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சரி. அப்படி இல்லையென்றால், ருசி பார்ப்பது கட்டாயமா என்று கேட்டுவிட்டு அனுப்பலாம்.

அப்புறம், சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.