அதிபர் எழுதிய குறிப்பு உங்கள் பாதுகாப்பைப் பறித்துவிட்டதா?

கேள்வி: நியூ ஜெர்சியில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த காலாண்டில் வர வேண்டிய வருவாயை இந்தக் காலாண்டிலேயே எழுதி லாபத்தைக் கூட்டிக் காட்டுவதைக் கண்டு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், எங்கள் தொகுதி உறுப்பினராக இருப்பவருக்கும் எழுதினேன். மார்ச் 3 அன்று என்னைப் பதவி இறக்கிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். முறைகேட்டைச் சொல்லும் ஊழியரைக் காக்கும் 2002-ஆம் ஆண்டு சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தை நம்பியிருந்தேன். ஆனால், "அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டபோதே அந்தப் பாதுகாப்பை வெட்டிவிட்டார், அதைச் சமாளிக்கத் தனி மனு வேண்டும், 2,500 டாலர் ஆகும்" என்கிறார் ஓர் ஆலோசகர். உண்மையா?

பதில்: முதலில், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது உங்களை இவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது. 2002 ஜூலை 30 அன்று புஷ் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்; கூடவே ஓர் அறிக்கையும் வெளியிட்டார். இதைக் கையொப்ப அறிக்கை என்கிறார்கள். ஊழியர் யாரிடம் தகவல் சொன்னால் பாதுகாப்பு உண்டு என்று சட்டம் மூன்று தரப்பைச் சொல்கிறது: மத்திய அரசின் ஒழுங்குமுறை அமைப்புகளும் காவல் அமைப்புகளும், காங்கிரஸ் உறுப்பினர் அல்லது குழு, அந்த ஊழியருக்கு மேலே உள்ள அதிகாரி. புஷ் கைவைத்தது நடுவில் உள்ளதில் மட்டும். காங்கிரஸ் அவைகளின் விதிகளின்படி, சட்டமியற்றும் நோக்கத்துக்காக நடக்கும் விசாரணைகளையே அந்த உட்பிரிவு குறிப்பதாக நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார். ஓர் உறுப்பினர் தனியாகக் கேட்டறிவது இதில் சேருமா என்ற சந்தேகம் அங்கேதான் பிறந்தது. செனட்டர்கள் பேட்ரிக் லேஹி, சார்லஸ் கிராஸ்லி இருவரும் வெவ்வேறு கட்சிக்காரர்கள்; இருவருமே அதை எதிர்த்தார்கள்.

உங்கள் வழக்கு நிற்பது மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் மேல். மூன்றாவது தரப்பைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதம் கூடுதல் பலம். அது போனாலும் வீடு இடிந்துவிடாது.

இரண்டாவது, அந்த அறிக்கை சட்டமே அல்ல. மசோதா மேசைக்கு வந்தால் கையெழுத்திடலாம், ஆட்சேபத்தோடு திருப்பி அனுப்பலாம் (இதுதான் வீட்டோ), ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் சும்மா விடலாம். அதிபருக்கு அமெரிக்க அரசியலமைப்பு தந்திருப்பது இவ்வளவுதான். கையெழுத்தும் போட்டு, பிடிக்காத வரியை அடித்தும் விடுகிற உரிமை கிடையாது. செலவினங்களைத் தனித்தனியாக நீக்கும் அதிகாரத்தை 1996-இல் காங்கிரஸே சட்டம் போட்டு அதிபருக்குக் கொடுத்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டம் போட்டுக் கொடுத்த அதிகாரமே நிற்காதபோது, அதிபர் தானாக எழுதிய அறிக்கை ஒரு பிரிவை எப்படி வெட்டும்?

பிறகு எதற்காக எழுதுகிறார்கள்? அதிபருக்குக் கீழே வேலை செய்யும் துறைகள் அதைப் படித்து நடக்கும், அதற்காக. 2007-இல் காங்கிரஸின் தணிக்கை அலுவலகம், இப்படி ஆட்சேபிக்கப்பட்ட 19 பிரிவுகளை எடுத்துப் பார்த்தது. 10 பிரிவுகள் எழுதியபடியே நடந்தன. 6 நடக்கவில்லை. மற்ற மூன்றுக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. ஆக, அந்தக் காகிதத்துக்குப் பல் இருக்கிறது; கடிப்பது அரசு அலுவலகங்களுக்கு உள்ளே. உங்கள் புகாரை முதலில் விசாரிக்கப்போவதும் அதிபரின் கீழுள்ள தொழிலாளர் துறைதான் என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் கவலை வந்தால் நியாயம். ஆனால் அத்துறை 180 நாளில் இறுதி முடிவு தராவிட்டால், உங்களால் ஏற்பட்ட தாமதமாக இல்லாதவரை, வழக்கை மத்திய மாவட்ட நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகலாம். அங்கே நீதிபதி சட்டத்தைத்தான் படிப்பார். அதிபரின் விளக்கம் அவரைக் கட்டுப்படுத்தாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆலோசகர்கள் எடுத்து வீசுவது இதைத்தான். ஜெருசலேமில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள் கேட்டால் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் 'இஸ்ரேல்' என்று எழுத வேண்டும் என்றது 2002 செப்டம்பர் 30 அன்று கையெழுத்தான ஒரு சட்டம். புஷ் அன்றைக்கே, இது வெளியுறவில் அதிபருக்கு உள்ள அதிகாரத்தில் தலையிடுகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அடுத்த மாதம் ஜெருசலேமில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் கேட்டார்கள், வெளியுறவுத் துறை மறுத்தது. வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் போய், 2015-இல் 6-க்கு 3 என்று பெற்றோருக்கு எதிராக முடிந்தது. அதுதான் ஜிவோடோஃப்ஸ்கி எதிர் கெர்ரி வழக்கு. பார்த்தீர்களா, அதிபரின் குறிப்பு வென்றது என்பார்கள். குறிப்பு வெல்லவில்லை. ஒரு நாட்டின் எல்லையையும் ஆட்சியுரிமையையும் அங்கீகரிக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உரியது என்று நீதிமன்றம் அரசியலமைப்பைப் படித்துச் சொன்னது. அறிக்கையே இல்லாவிட்டாலும் அதே தீர்ப்புதான். உங்கள் மேலாளர் லாபத்தைக் கூட்டி எழுதியதில் வெளியுறவும் இல்லை, அதிபரின் அதிகாரமும் இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆயிரம் பக்கத்தை ஒரே மூட்டையாகக் கட்டி, வீட்டோ செய்ய முடியாதபடி காங்கிரஸ் அனுப்புகிறது. அதிபர் கையெழுத்திட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிரிவுகளை என் வழியில் எடுத்துக்கொள்வேன்" என்று எழுதுகிறார். எந்தக் கட்சி வந்தாலும் இதுதான். குவாண்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறையின் கைதிகளை வேறு நாட்டுக்கு மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற பிரிவை ஒபாமா இப்படி ஆட்சேபித்தார்; 2014-இல் அறிவிப்பு இல்லாமலே ஐந்து பேரை அனுப்பினார். அது சட்டமீறல் என்று அதே தணிக்கை அலுவலகம் சொன்னது. சட்டம் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அறிக்கை அதிபரின் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. சாதாரண மனிதர் இரண்டையும் ஒட்டிவைத்துப் படிப்பது எப்படி? அந்த இடைவெளியில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

உங்கள் ஆலோசகர் வழக்கறிஞர்தானா என்று நியூ ஜெர்சி நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். 'தனி மனு' என்று ஒன்று கிடையவே கிடையாது. உண்மையான ஆபத்து நாள் கணக்கில் இருக்கிறது. தொழிலாளர் துறையில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா (OSHA) பிரிவில் 180 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒருவர், தரகர் 'மனு தயாராகிறது' என்று சொன்னதை நம்பிக் காத்திருந்துவிட்டு, 194-ஆம் நாள் என்னிடம் வந்தார். கையில் அருமையான ஆதாரம். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மார்ச் 3-இலிருந்து எண்ணினால் உங்களுக்கு ஆகஸ்ட் 30. அதுவரை போகாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள். கட்டணம் இல்லை, குறிப்பிட்ட படிவமும் தேவையில்லை. வாய்மொழியாகவே சொல்லலாம்; ஆங்கிலத்தில் தர இயலாதவர் எந்த மொழியில் தந்தாலும் ஏற்க வேண்டும் என்பது விதி, தமிழும் அதில் அடங்கும். மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல், தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். அலுவலகக் கோப்புகளை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அதையே உங்கள் மேல் குற்றமாகத் திருப்புவார்கள். தொலைபேசியில் புகார் சொன்னால், எடுத்தவர் பெயரையும் நாளையும் அந்தப் பதவி இறக்கக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.