உப்புக் காற்றில் பழைய பிக்கப்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிக்கப் வண்டிகளைப் புதுப்பிப்பதில் எழும் ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொண்டி தொடங்கி மூக்கையூர் வரையுள்ள இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. மீனும் கருவாடும் உப்பும் மரக்கரியும் ஏற்றி ஓய்ந்துபோன வண்டிகள் கொட்டகைதோறும் நிற்கும் பகுதி என்பதால் இதில் வியப்பில்லை.

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): என் தந்தையார் ஓட்டிய மஹிந்திரா எஃப்.சி. 150 பிக்கப், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பனையோலைக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை. மெக்கானிக் முதலில் எஞ்சினை இறக்கலாம் என்கிறார். சரிதானா?

பதில்: எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேஸை, அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஜீப்பில் வந்த அதே நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின்தான். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே மூடிக்குள் அமர்ந்திருக்கும். அதன் உதிரிபாகங்கள் ஜீப்புக்கும் உரியவை என்பதால் தேடினால் அகப்படும். ஆனால் கடற்காற்றில் அரித்த சேஸுக்கு மாற்று எளிதில் கிடைக்காது; கிடைத்தாலும் சேஸ் எண் வேறாகிவிடுவதால் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தாது. எஞ்சினுக்கு ஒரு பெருந்தொகையைச் செலவழித்த பிறகு, சேஸ் கையோடு உதிர்வதைக் கண்டு வேலையைப் பாதியில் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். வண்டியின் அடியில் படுத்து, சேஸ் நெடுகிலும் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். அரித்த இரும்பில் சத்தம் அடங்கிப்போய், செதில் செதிலாகத் துரு முகத்தில் உதிரும் (கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்). சத்தம் மாறிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டி எடுத்தாக வேண்டும். குறிப்பாகப் பின்தொட்டியும் சேஸும் சேருமிடத்தில் வைத்திருக்கும் கட்டையின் அடிப்பகுதி, பின்பக்கப் பட்டைகளை (வில்போல வளைந்த ஸ்பிரிங் தகடுகளை) தாங்கும் கொக்கிகள், கேபின் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள பகுதி ஆகிய மூன்றையும் விடாதீர்கள். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, மீனின் உப்போடு கலந்து, தொட்டிப் பலகைகளின் இடுக்கு வழியாக ஒவ்வொரு நாளும் சொட்டியது இந்த இடங்களில்தான். வண்டி நின்று இருபது ஆண்டானாலும் அந்த உப்பு அங்கேயே இருக்கிறது. இரவில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்றுகொண்டும் இருக்கிறது.

இதனால்தான் துருவைச் சுரண்டியவுடன் பிரைமர் அடிப்பது நம் கடற்கரைக்குப் போதாது. மாலையில் வெள்ளிபோலப் பளிச்சென்று தேய்த்து வைத்த தகடு, மறுநாள் காலையில் மஞ்சள் பூத்து நிற்பதை இங்குள்ள டிங்கரிங் பட்டறைக்காரர் எல்லோரும் அறிவர். தேய்த்தபின் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, மீண்டும் லேசாகத் தேய்த்து, அன்றே பொழுது சாய்வதற்குள் எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. கடற்கரை மணலைக் கொண்டு சாண்ட் பிளாஸ்டிங் செய்து தருவதாக யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உப்பை இரும்பினுள் அறைந்து ஏற்றும் வேலை. எந்த மணலானாலும் அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதையும் மறக்க வேண்டாம்.

எஞ்சின் சுற்றாததற்காகக் கலங்க வேண்டியதில்லை. வேறு வண்டியில் கட்டி இழுத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் உடைந்துவிடும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிறிது ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, கைப்பிடியால் முன்னும் பின்னுமாக நோகாமல் அசைத்துப் பாருங்கள். ஒரு விரற்கடை அசைந்தாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெயை வண்டியின் அடியில் பூசினால் துரு பிடிக்காது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பட்டறையிலோ கழிவு ஆயில் அடிக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. மீன் எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகி, மெல்லிய படலமாக இரும்பின்மீது ஒட்டும் தன்மை உடையது. துருவின் இடுக்குகளில் ஊறி இறங்கவும் செய்யும். அமெரிக்காவில் 1921-இல் தொடங்கிய ரஸ்ட்-ஓலியம் என்ற பெயிண்ட் நிறுவனத்தின் பிறப்புக் கதையே இதுதான். கப்பல் தலைவர் ஒருவர், மீன் எண்ணெய் சிந்திய தளத்தில் துரு பரவாமல் நின்றதைக் கண்டு அந்தப் பெயிண்டை உருவாக்கினார் என்று அந்நிறுவனத்தார் சொல்கின்றனர். ஆகவே, வெல்டிங்கும் பெயிண்டும் முடிந்தபின், கை எட்டாத சேஸ் உட்புறத்தில் மீன் எண்ணெயைத் தெளிப்பதில் தவறில்லை. நாற்றம் சில வாரம் இருக்கும். தங்கச்சிமடத்தில் அதைப் பொருட்படுத்துவார் யாருமில்லை என்று நம்புகிறேன். ஆனால் பெயிண்ட் அடிக்கப்போகும் இடத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, பெயிண்ட் ஒட்டாது.

கழிவு ஆயிலை நான் பரிந்துரைப்பதில்லை. அது இறுகாமல் புழுதியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பட்டைகளின் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும். பிரேக் டிரம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): தினமும் போர்த் தண்ணீரால் வண்டியைக் கழுவுகிறேன். இருந்தும் துரு நிற்கவில்லை.

பதில்: உங்கள் போர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்; விடை நாக்கிலேயே கிடைத்துவிடும். உவர்நீரால் தினமும் கழுவுவதைவிட, ஊருணித் தண்ணீராலோ சேர்த்து வைத்த மழைத் தண்ணீராலோ வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைக் கழுவுவது மேல். வீட்டுக்கு வரும் காவிரிக் குடிநீரை வண்டிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (கீழக்கரை வாசகர்): என்னிடமுள்ள பழைய ஜீப் பிக்கப்பில் டீசல் எஞ்சின், பவர் ஸ்டியரிங், அகலமான டயர், நாற்புறமும் எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைப் பொருத்த விரும்புகிறேன். எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினைப் பொருத்துவதென்றாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், விபத்து நேரும் நாளில் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு ஒத்துவராது. டீசல் எஞ்சின் பளுவானது; முன்பட்டைகள் தாழும், ஸ்டியரிங் கனக்கும், அதற்காகப் பவர் ஸ்டியரிங் வேண்டியிருக்கும். வேகம் கூடும்போது பழைய டிரம் பிரேக்குகள் அந்த வேகத்தை நிறுத்தத் திணறும். அகல டயர் போட்டால் வீல் பேரிங்கும், முன்சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் என்ற அச்சாணியும் விரைவில் தேயும். ஒன்றை மாற்றினால் அது நான்கை இழுத்துக்கொண்டு வரும். கடைசியில் கையில் எஞ்சுவது பழைய வண்டியும் அல்ல, புதிய வண்டியும் அல்ல.

என் அளவுகோல் எளியது: போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றத்தைச் செய்யலாம்; வெட்டியும் வெல்டு வைத்தும் செய்யும் மாற்றத்தைச் செய்யக்கூடாது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பழைய டைனமோவுக்குப் பதில், அதே வேலையைச் செய்யும் புதுவகை ஆல்டர்னேட்டரை வைக்கலாம். பழைய டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். வயரிங் முழுவதையும் ஃபியூஸ் பெட்டியோடு புதிதாக இழுப்பது நலம், ஏனெனில் கடற்காற்றில் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூத்துப்போயிருக்கும். இருக்கை பெல்ட் கட்டாயம் வையுங்கள். விளக்குகள், எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்காத அளவில் இரண்டு போதும்.

கேள்வி (தொண்டி வாசகர்): 1970-இல் பதிவான எங்கள் பிக்கப்புக்கு வின்டேஜ் எண் வாங்கலாமா? வாங்கினால் மீன் ஏற்றலாமா?

பதில்: மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயன்பாட்டிலுள்ள, சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு வின்டேஜ் பதிவு உண்டு. எண்ணில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். மீன் மட்டுமன்று, கூலிக்கு ஒரு கூடை கருவாடுகூட ஏற்றக்கூடாது. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் அதை முதலில் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டும். ஆர்.சி. இன்னும் காலஞ்சென்றவர் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றுகளோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஆகுமா?

பதில்: ஓட்டிக்கொண்டே இருந்தால் பெரிய தொல்லை இல்லை, நிறுத்தி வைத்தால்தான் தொல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவேறும். அந்தத் துரு கார்புரேட்டரை அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியின் டேங்கை வடித்துவிடுங்கள். ஓட்டை டேங்கை வெல்டிங் செய்யும்படி எந்தப் பட்டறையையும் அவசரப்படுத்தாதீர்கள். காலியான டேங்கில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

கேள்வி (சாயல்குடி வாசகர்): புதுப்பித்து பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வரும் பிக்கப்பை வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

பதில்: நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நீல நிறத்தில் பளபளத்த ஒரு பிக்கப்பை மாலை மங்கும் நேரத்தில் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவின் அடிப்பகுதியை விரலால் தட்டியபோது தகரச் சத்தம் வரவில்லை. சுவர்ச் சத்தம் வந்தது. சுரண்டினால் அரை விரற்கடை கனத்துக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை). அதன் பின்னால் ஓட்டையை அடைக்கச் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அன்றிலிருந்து சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறேன். மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடி, மட்கார்டின் விளிம்பு, தொட்டியின் மூலை ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை.

அடுத்துச் சேஸ் எண்ணைப் பாருங்கள். எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். உங்கள் வண்டியைப் பட்டறையில் விடும்போதும் முதல் வேலையாக இந்த அச்சை எடுத்து வைத்துக்கொண்டு, எண் பொறித்த அந்த ஒரு சாண் இடத்தில் கிரைண்டர் படக்கூடாது என்று டிங்கருக்குச் சொல்லி, அதன்மேல் டேப் ஒட்டிவிட்டு வாருங்கள்.